நான் அந்த அணியின் டாக்டர் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை

பாளையங்கோட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு கிளினிக் இருக்கிறது. காலையில் ஒன்பது முதல் ஒன்று வரை, ராத்திரி ஏழு முதல் பத்து வரை. நடுவில் வாரத்துக்கு மூன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு உயர்நிலைப் பள்ளியின் கபடித் தரைக்குப் போய்விடுவேன். சம்பளம் கிடையாது, நான் கேட்டதும் கிடையாது. 2014இல் ஆரம்பித்த பழக்கம். 2023 மே மாதம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு ஏழு மாதம் நானும் என் வீடும் பட்ட பாட்டை இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. நம்ம பக்கத்தில் என்னைப் போலவே பள்ளிப் பிள்ளைகளுக்காக மைதானத்தில் போய் நிற்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

முதலில் நான் அங்கே போன கதை. ஒரு நாள் ராத்திரி கிளினிக்கை மூடப்போகிற நேரத்தில் அந்தப் பள்ளியின் பி.டி. சார் ஒரு பையனைக் கூட்டி வந்தார். எதிராளியின் முழங்கை பட்டு முன்பல் ஒன்று வேரோடு விழுந்திருந்தது. பல்லை நன்றாகக் கழுவித் துடைத்து கைக்குட்டையில் பத்திரமாக முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். விழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பல் டாக்டரிடம் அனுப்பினேன், பிரயோஜனமில்லை. வேரைத் தேய்க்காமல், வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்தெடுத்து, பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் பால் வாங்கி அதில் போட்டு அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால், அந்தப் பல் மறுபடி வேர் பிடிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. பதினாலு வயசுப் பையன். இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போனேன். போனவன் அப்படியே தங்கிவிட்டேன்.

அடுத்த ஒன்பது வருஷத்தில் எத்தனை விரல் இழுத்து வைத்தேன், எத்தனை முழங்காலுக்குக் கட்டுப் போட்டேன் என்று கணக்கில்லை. மண் தரையில் ஆடிப் பழகிய பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போய் ரப்பர் பாயில் ஆடும்போது பாதம் பாயோடு பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், முழங்காலுக்குள் ஜவ்வு போய்விடும். அதற்காகவே ஆறு வாரம் முன்னாலிருந்து தொடைக்கும் இடுப்புக்கும் தனிப் பயிற்சி கொடுக்கச் சொன்னேன், பி.டி. சார் செய்தார். தலையில் அடிபட்டுக் கண் இருட்டியது என்று ஒரு பையன் சொன்னால் அன்றைக்கு அவன் மறுபடி இறங்கக்கூடாது. தலைவலி விட்டபிறகும் நடை, ஓட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, கடைசியில்தான் பிடிக்குப் போகவேண்டும். இதெல்லாம் அங்கே நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் என்னை ‘டீம் டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வெறும் வாய்வார்த்தைதான் என்று ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

தோன்றியிருக்கவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. 2019இல் ஒரு இறுதிப் போட்டிக்கு முன்னால் எங்கள் முதல் ரைடருக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனுக்கு, கணுக்கால் வீங்கியிருந்தது. வலி ஊசி போட்டு இறக்கிவிடச் சொன்னார்கள். வலி தெரியாமல் ஆடினால் சுளுக்கு கிழிசலாகிவிடும், மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவன் களத்தில் நிற்கிறான். வேறு யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். என்ன ஊசி என்றுகூடச் சொல்லவில்லை. (ஸ்டீராய்டு ஊசி எந்த வழியில் போட்டாலும் போட்டி நேரத்தில் தடை என்று 2022இலிருந்து ஊக்கமருந்து விதி இருக்கிறது. பெரிய அளவில் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.) அன்றைக்கு மனசு நொந்தேன், ஆனால் பாடம் படிக்கவில்லை. ‘இவன் ஆடக்கூடாது’ என்று நான் சொன்னால் அதைக் கேட்டாகவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதுதான் அந்தப் பாடம்.

2023 மே. அக்னி நட்சத்திரம் முடியவில்லை. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி 55 கிலோ கபடி. எடைப் பிரிவுப் போட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலையில் தராசில் நிற்கும்போது 55க்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் பார்ப்பதில்லை. பள்ளி லீவு என்றாலும் எங்கள் பையன்கள் பள்ளி பனியன் போட்டு, பள்ளி பெயரில்தான் இறங்கினார்கள். நோட்டீஸில் மின்னொளிக் கபடி என்று அடித்திருந்தது. நாற்பது டீமுக்கு மேல் வந்துவிட்டதால் முதல் சுற்றை மத்தியானம் இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். வெயில் எரித்தது. டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், தெளித்த பத்து நிமிஷத்தில் காய்ந்தது.

எங்கள் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிறவன், பதினைந்து வயசுப் பையன். அப்பா களக்காட்டில் வாழைத்தார் சுமக்கிறவர், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். காலைப் பிடித்தான் என்றால் விடமாட்டான். அன்றைக்கு முதல் பாதியில் இரண்டு முறை பிடி நழுவியது. இரண்டாவது பாதியில் எதிர் ரைடர் பாடி வரும்போது இவன் தன் இடத்தை விட்டு வேறு பக்கம் நடந்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நொடி மடங்கி விழுந்தான். ஓடிப்போய், “ஏல, என்னல செய்யுது?” என்றால் என்னைத் தெரியவில்லை. நாக்கு குழறி அம்மாவைக் கூப்பிட்டான். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, ஆனால் வியர்வையும் ஓடுகிறது. வெப்பத் தாக்கத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) வியர்வை நின்றுபோகும் என்று நாம் படித்திருப்போம். ஓடியாடும்போது வருகிற வெப்பத் தாக்கத்தில் வியர்வை இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. என்னிடம் இருந்தது அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டர். அது 39.1 டிகிரி செல்சியஸ் காட்டியது. மைதானத்தில் அக்குள் கணக்கை நம்பக்கூடாது, உள்ளே 40க்கு மேல் போயிருக்கும். ஆளுக்குப் புத்தி தடுமாறுகிறதா, உடம்பு கொதிக்கிறதா, அது போதும்.

முதலில் குளிர வை, பிறகு ஏற்றி அனுப்பு. இந்த ஒரு விதியை மட்டும் யாரும் மறக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை இறக்கினால்தான் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் தப்பிக்கும். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது, கொடுக்கவும் கூடாது. பந்தல்காரர் வைத்திருந்த தார்ப்பாய் ஒன்றை வாங்கி, எட்டுப் பையன்களை நாலு பக்கமும் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நடுவில் இவனைக் கிடத்தி, டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சர்பத் கடையிலிருந்து ஐஸ் பாளத்தை உடைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். “சார், ஜன்னி கண்டுரும், தண்ணிய ஊத்தாதிய” என்று பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். தள்ளிவிட்டேன். தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே இருக்கவேண்டும், தலை வெளியே இருக்கவேண்டும். ஒரு கையில் நரம்பு தேடி டிரிப் ஏற்றினேன். 108 வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று, ஏனென்றால் மைதானம் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டி வந்தபோது பையன் கண் திறந்து தன் பெயரைச் சொன்னான்.

தப்பித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அவன் ஒன்றுக்குப் போனது கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது. தசை உருகி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 6.8 வரை ஏறியது. நாலு தடவை டயாலிசிஸ், பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. ஆரோக்கியமான பையனுக்கு ஒரு மத்தியான ஆட்டத்தில் ஏன் இவ்வளவு தூரம் போனது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஐந்தாம் நாள் எங்கள் ரைட் கவர் ஆட்டக்காரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். லெஃப்ட் கார்னர் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் 57 கிலோ 400. இரண்டு நாள் சோறில்லை, ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. உர மூட்டை பிளாஸ்டிக்கை மேலே சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடியிருக்கிறான். போதாததற்கு வெளியூர் ஆட்டக்காரன் ஒருவன் சொன்னான் என்று மெடிக்கலில் ஒன்றுக்குப் போகிற மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறான். தராசில் 54 கிலோ 900. பி.டி. சாருக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் என் தப்பை நான் சொல்லியாகவேண்டும். ஒன்பது வருஷம் அவர்கள் முழங்காலையும் தோளையும் பார்த்தேன். தராசில் ஏறப்போகும் பையனிடம் “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?” என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்குக் காலையில் அவன் கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போனில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்தப் பையன்கள் சில வார இடைவெளியில் இப்படி எடை குறைக்கப்போய் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் ரப்பர் உடை, சூட்டறை எல்லாவற்றையும் அங்கே தடை செய்தார்கள். அந்த மாத்திரையும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எப்போதும் இருப்பது. எங்கள் பையன் நாலாவது ஆளாகியிருப்பான்.

இதற்குள் ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போனில் எடுத்த பதினாலு வினாடி வீடியோ. அதில் பையன் தரையில் கிடக்கிறான், நான் கையில் ஊசியோடு குனிந்திருக்கிறேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. “டாக்டர் ஊசி போட்டதும் பையன் விழுந்துட்டான்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஆட்டத்துக்குச் சத்து ஊசி போட்டேனாம். பையனின் அம்மா ஐ.சி.யூ. வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எய்யா, எம் புள்ளைக்கு என்ன ஊசிய்யா போட்டிய?” என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெஞ்சிக் கேட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் அட்மிஷன் அன்று முன்பணம் 60,000 ரூபாயை நான்தான் கட்டினேன். பையன் வீட்டாரிடம் அந்த நேரம் பஸ்ஸுக்குக் காசில்லை. பின்னால் அதுவே எனக்கு எதிராகத் திரும்பியது. “தப்பு பண்ணாதவன் எதுக்குல பணம் கட்டுதான்?” என்று கேட்டார்கள். உதவக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கும் அந்த நிலைமை வந்தால் கட்டத்தான் செய்வேன். ஆனால் பள்ளி வழியாகவோ, ஊர்ப் பெரியவர் இரண்டு பேரை வைத்துக்கொண்டோ, உதவிப் பணம் என்று எழுதிக் கொடுங்கள்.

பத்தாம் நாள் உறவுக்காரர்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு வரச்சொல்லி போன் வந்தது. பள்ளியில் கேட்டபோது, “அவர் எங்கள் பணியாளர் இல்லை, விடுமுறையில் நடந்த வெளிப் போட்டிக்கும் பள்ளிக்கும் சம்பந்தம் இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்துப்படி அது உண்மைதான். ஒன்பது வருஷத்தில் ஒரு கடிதம், ஒரு ரசீது, ஒரு ஆண்டு விழா அழைப்பிதழில்கூட என் பெயர் கிடையாது. போலீஸ் கேள்வியைவிட, வழக்கைவிட, அந்த ஒரு வரிதான் என்னை உடைத்தது. வீட்டில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் மனைவி, “இனிமே அந்தப் பக்கம் போனா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள். அவள் பயம் நியாயமானது. வீட்டு வாசலில் வந்து கத்தியவர்களை அவள்தான் பார்த்தாள்.

வக்கீல் முதலில் கேட்டது நேரம். எத்தனை மணிக்கு விழுந்தான், எத்தனை மணிக்கு டிரிப், எத்தனை மணிக்குத் தண்ணீர்? நான் வழக்கமாக எல்லா அடியையும் ஒரு நோட்டில் எழுதுகிறவன், அன்றைக்கு மட்டும் எழுதவில்லை. கடைசியில் என் போனில் 108க்கு அழைத்த நேரம் 3.52 என்று இருந்ததுதான் பிடிமானம். அதிலிருந்து முன்னும் பின்னும் கணக்குப் போட்டோம். என்ன களைப்பாக இருந்தாலும் அன்று ராத்திரியே நடந்ததை நேரத்தோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள்.

சட்ட விஷயத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அஜாக்கிரதை என்று கிரிமினல் புகார் கொடுக்க அது தடையில்லை. அங்கே 2005 தீர்ப்பு ஒன்று காப்பாற்றுகிறது: டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்குமுன் போலீஸ், எந்தப் பக்கமும் சாராத ஒரு டாக்டரிடம், முடிந்தவரை அரசு டாக்டரிடம், கருத்து வாங்கவேண்டும். என் விஷயத்தில் அப்படி வாங்கிய கருத்தில்தான், தண்ணீரில் குளிர வைத்ததும் டிரிப் போட்டதும் சரியான சிகிச்சை என்று வந்தது. அடிபட்டவருக்கு உதவினால் வழக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2019 சட்டத் திருத்தம் தரும் அந்தப் பாதுகாப்பு சாலை விபத்துக்கு மட்டும்தான். கபடித் தரைக்கு அது கிடையாது. தொழில் காப்பீட்டு பாலிசி எனக்கு இருந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் என் கிளினிக் முகவரியில் பார்க்கும் வைத்தியம் மட்டும். மைதானத்தில் இலவசமாகப் பார்ப்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

வக்கீலுக்கு 45,000. முன்பணம் 60,000. கிளினிக்கை இருபத்தாறு நாள் மூடியிருந்தேன், திறந்த பிறகும் பாதிப் பேர் வரவில்லை. அதில் மட்டும் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. டிசம்பரில் புகாரை முடித்துவைத்தார்கள். அதற்கு முன்பே, அக்டோபரில், பையனே ஸ்டேஷனுக்கு அப்பாவைக் கூட்டிப்போய் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டான். அதைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவன் அப்பா ஒரு நாள் விடியற்காலையில் ஒரு வாழைத்தாரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

2024 ஜூனில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் கேட்டது ஒரே ஒரு கடிதம். அதில் ஐந்து வரி: நான் இந்த அணியின் கௌரவ மருத்துவர், லீவில் பள்ளி பெயரில் ஆடும் போட்டிக்கும் இது பொருந்தும், ஒரு பிள்ளை ஆடக்கூடாது என்று நான் எழுதினால் வேறு யாரும் அதை மாற்ற முடியாதபடி அன்றைக்கு அவன் ஆடமாட்டான், பெற்றோர் கையெழுத்தும் போன் நம்பரும் இல்லாத பிள்ளை இறங்கமாட்டான், போட்டி நடத்துகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியும் ஐஸும் தயாராக வைக்காவிட்டால் அணி போகாது. மூன்றாவது வரிக்குத்தான் ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. அது இல்லாவிட்டால் மற்ற நாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மேல் வழக்கு வராமல் இருக்கத்தான் கடிதம் கேட்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அந்த மே மாதக் காலையில் கன்னம் ஒட்டிய பையனைப் பார்த்து, “நீ இன்னைக்கு உட்காரு” என்று நான் சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? அதைக் கேட்க வைக்கத்தான் அந்தக் காகிதம்.

இப்போது வாரா வாரம் திங்கட்கிழமை எல்லோருக்கும் எடை பார்க்கிறோம். ஒரே தராசு, ஒரே நேரம், நோட்டில் பதிவு. ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. இது நான் வைத்த அளவு, உங்கள் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போனால் முதல் வேலையாக, மெயின் ரோட்டிலிருந்து மைதானத்துக்கு வழியை இரண்டு பையன்களுக்குச் சொல்லி வைக்கிறேன். ஏதாவது என்றால் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கவேண்டும். என் பையில் இப்போது ஒரு தார்ப்பாயும் இருக்கிறது.

லெஃப்ட் கார்னருக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகிவிட்டது. அவன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான், ஆனாலும் திங்கட்கிழமை சாயங்காலம் வந்து நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போன மாதம் ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் தராசில் ஏறினான். முந்தின வாரம் 57, இப்போது 55. லெஃப்ட் கார்னர் எண்ணை எழுதாமல் பேனாவை நிறுத்தி, “ஏல, நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?” என்று கேட்டான். பையன் தரையைப் பார்த்தான். நான் நோட்டை வாங்கி அவன் பெயருக்கு நேரே ‘இந்த வாரம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை அரையிறுதி இருந்தது. பி.டி. சார் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல், மாற்று ஆட்டக்காரனைக் கூப்பிட்டு, லெஃப்ட் கார்னரில் போய் நிற்கச் சொன்னார்.